வார விடுமுறை நோயாளிக்கும் உண்டு

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் ஒரு வார இறுதியை வாசகர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். 16ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, ‘அவதார்’ திரைப்படத்தின் இரண்டாம் பாகம் திரையரங்குகளுக்கு வந்தது. சென்னைச் சபாக்களில் மார்கழிக் கச்சேரிகள் நடந்துகொண்டிருந்தன. 18ஆம் தேதி, ஞாயிறு இரவு எட்டரை மணிக்கு, கத்தார் நாட்டின் லுசைல் அரங்கில் அர்ஜென்டினாவும் பிரான்சும் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் மோதின. திரைப்படம், இசை, கால்பந்து ஆகிய மூன்றும் ஒரே வார இறுதியில் கூடிவந்தன.

இத்தகைய நாள்கள் நெருங்கும்போதெல்லாம் வெளிநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி எழும். சோதனைகள் முடிந்து, மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டு எழும் வேளையில், நோயாளி தயங்கியபடி, “போய் வரலாமா, டாக்டர்?” என்பார். நாங்கள் வாய் திறக்குமுன் உடன் வந்தவர், “இந்த உடம்போடு அதெல்லாம் எதற்கு?” என்று முடித்துவிடுவார். அந்தக் கேள்விக்கு உரிய விடையை இங்கே சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர்களில் பெரும்பாலோர் போய் வரலாம். அண்மையில் மாரடைப்போ அறுவை சிகிச்சையோ ஏற்பட்டவர்கள், ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்குபவர்கள், புற்றுநோய் மருந்தால் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பவர்கள் ஆகியோர் மட்டும் தம் மருத்துவரைக் கேட்ட பின்னரே கூட்டத்திற்குள் செல்ல வேண்டும்.

மகிழ்ச்சியும் உடல்நலமும்

இங்கிலாந்தில் 50 வயதைக் கடந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2019இல் வெளியானது. சில மாதங்களுக்கு ஒருமுறையேனும் இசை நிகழ்ச்சி, நாடகம், கலைக்கூடம் போன்றவற்றுக்குச் சென்றவர்களிடையே, ஒருபோதும் செல்லாதவர்களைவிட இறப்புக்கான வாய்ப்பு 31 விழுக்காடு குறைவாக இருந்தது. கச்சேரி கேட்டால் ஆயுள் கூடும் என்பது இதன் பொருளன்று. நலமாக இருப்பவர்களே வெளியே செல்கிறார்கள் என்பதும் இதில் ஒரு பங்கு. ஆயினும், வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பது நோயாளிக்கு நன்மை தருவதில்லை என்பதை எங்கள் அனுபவமும் உணர்த்துகிறது.

மூன்று மணி நேர இருக்கை

‘அவதார்’ இரண்டாம் பாகம் 192 நிமிடம் ஓடும் படம். பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணிக்குச் சென்று, அங்கிருந்து மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்ப் படம் பார்த்துத் திரும்புபவருக்குப் பயணமும் சேர்ந்து, அன்றைய பகற்பொழுதின் பெரும்பகுதி அமர்ந்தே கழியும். அசையாமல் நெடுநேரம் அமர்ந்திருந்தால் காலின் இரத்தவோட்டம் தளர்கிறது. பாதம் வீங்கலாம், சிலருக்கு ஆழ்சிரையில் இரத்தம் உறையவும் கூடும். அரை மணிக்கு ஒருமுறை பாதங்களை மேலும் கீழும் அசைப்பதும், இடைவேளையில் எழுந்து நடப்பதும் இதைத் தவிர்க்கும் எளிய வழிகள்.

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் பலர், ‘வழியில் கழிப்பறை கிடைக்காது’ என்று அஞ்சி, வெளியே செல்லும் நாளில் நீர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். அதே நாளில் உப்பிட்ட சோளப்பொரியும் சிப்ஸும் உள்ளே போகின்றன. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி அளவே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மருந்து குறைந்து உப்பும் கூடினால் உடலில் நீர் தேங்கும். மூன்று நாள்களில் எடை இரண்டு கிலோ ஏறி, மூச்சுத் திணறலுடன் மருத்துவமனைக்கு வர நேரும். மாத்திரையை விட்டுவிடத் தேவையில்லை. அதை எத்தனை மணிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே எங்களைக் கேளுங்கள். பெரும்பாலும் வழி உண்டு.

இன்சுலின் போடுபவர்கள், உணவு கைக்கு வந்த பின்னரே ஊசி போட வேண்டும். ‘இடைவேளையில் சாப்பிட்டுக்கொள்ளலாம்’ என்று முன்னதாகப் போட்டுக்கொண்டால், வரிசையில் நிற்கும்போதே சர்க்கரை தாழ்ந்துவிடும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் இன்சுலினை வைத்துவிட்டுச் செல்ல வேண்டா.

இசையும் செவியும்

இசை தீங்கற்றது, அளவு மீறிய ஒலிதான் தீங்கானது. 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது பணியிடங்களுக்கான வரம்பு. ஒலி 3 டெசிபல் கூடும்தோறும் அந்நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலை எட்டினால் வரம்பு 15 நிமிடம் மட்டுமே. சபாவில் அமர்ந்து கேட்கும் கச்சேரிக்கும், திருவிழா மேடையில் ஆளுயர ஒலிபெருக்கிகளுக்கு முன்னே நின்று கேட்கும் மெல்லிசைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

பொதட்டூர்பேட்டை வாசகர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். வாரம் முழுவதும் விசைத்தறியின் ஓசையில் இருந்த செவிக்கு, விடுமுறை நாள் ஒன்றே ஓய்வு. ஒரு கை தொலைவில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடத்தின் ஒலி வரம்பைத் தாண்டிவிட்டது என்று கொள்ளுங்கள். ஒலிபெருக்கியிலிருந்து விலகி அமருங்கள்; பஞ்சு வைப்பதைவிடக் கடைகளில் கிடைக்கும் காதடைப்பான் மேலானது. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் ஒலிபெருக்கிப் பெட்டியின்மீது சாய்ந்து நிற்றல் கூடாது. அதனுள் வலுவான காந்தம் இருக்கிறது.

பெனால்டி நேரத்து இதயம்

அந்த இறுதி ஆட்டத்தில் 80ஆவது நிமிடம் வரை அர்ஜென்டினா 2–0 என முன்னிலையில் இருந்தது. அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் எம்பாப்பே இரு கோல்கள் அடித்தார். கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி ஒன்று, எம்பாப்பே மீண்டும் ஒன்று. 3–3 எனச் சமன் ஆகி, பெனால்டியில் 4–2 என அர்ஜென்டினா வென்றபோது இங்கே இரவு பதினொரு மணியைக் கடந்திருந்தது. நேரில் ஆடியவர்களுக்கு மட்டுமன்று, பார்த்தவர்களுக்கும் இதயம் படபடத்தது.

இது வெறும் பேச்சன்று. 2006இல் ஜெர்மனியில் உலகக் கோப்பை நடந்தபோது, மியூனிக் பகுதி மருத்துவர்கள் இதய அவசரநிலைகளைக் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி அணி ஆடிய நாள்களில் அவை வழக்கத்தைவிட 2.66 மடங்காயின. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில் அவை மிகுதி. ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களுக்கே ஆபத்து அதிகம். 1998இல் அர்ஜென்டினாவிடம் இங்கிலாந்து பெனால்டியில் தோற்ற நாளிலும், அடுத்த இரு நாள்களிலும் அந்நாட்டில் மாரடைப்பு அனுமதிகள் 25 விழுக்காடு கூடின.

பதற்றத்தில் அட்ரினலின் சுரக்கிறது. துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. ஏற்கெனவே கொழுப்புப் படிந்த குழாயில் அப்படிவு வெடித்தால் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். தூக்கமின்மை, வயிறு நிறைய உணவு, புகை, மது ஆகியவை இதற்குத் துணை போகின்றன. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு முறைப்பணி முடித்துவந்து, உறங்காமல் ஆட்டம் பார்ப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆயினும் ஆட்டத்தைப் பார்க்கவே வேண்டா என்று நாங்கள் கூறவில்லை. உலகில் கோடிக்கணக்கானோர் பார்க்கிறார்கள். அவர்களுள் பாதிக்கப்படுவோர் மிகச் சிலரே. எங்களை வருத்துவது நெஞ்சுவலி அன்று. “ஆட்டம் முடியட்டும்” என்று காத்திருக்கும் நேரம். வாயுத் தொல்லை என்று சோடா குடித்து, பெனால்டி வரை பார்த்துவிட்டு வருபவர்களை நாங்கள் கண்டதுண்டு. குழாய் அடைபட்ட ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை அழிகிறது. அழிந்த தசை மீளாது. நெஞ்சில் அழுத்தம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை ஆகியவை தோன்றினால் உடனே அமருங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்கு எழுதித் தரப்பட்டிருந்தால் ஒன்றை வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிடில் 108ஐ அழையுங்கள். அம்மாத்திரை இல்லாதவர்கள் ஐந்து நிமிடமும் காத்திருக்க வேண்டா. வண்டியைத் தாமே ஓட்டிக்கொண்டு வருதல் ஆகாது.

பராமரிப்பவருக்கு ஒரு சொல்

நோயாளியின் மருந்து நேரத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் மனைவியோ மகனோ, தாம் கடைசியாக எப்போது ஒரு படம் பார்த்தோம் என்பதை மறந்திருப்பார்கள். உடன் செல்வது ஒரு வழி. வீட்டில் வேறொருவரை மூன்று மணி நேரம் இருக்கச் சொல்லிவிட்டுத் தாம் மட்டும் சென்று வருவதும் வழிதான். அதில் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. களைத்துப்போனவரால் நெடுநாள் பராமரிக்க இயலாது.

புறப்படுமுன் பையில் இவை இருக்கட்டும்: அன்றைய மாத்திரைகள், மருந்துச்சீட்டின் நகல், தண்ணீர், சர்க்கரை நோயாளியானால் சிறிது குளுக்கோஸ். உடன் வருபவருக்கு 108 எண்ணும், மாத்திரை இருக்கும் இடமும் தெரிந்திருக்கட்டும். கேளிக்கைக்காக மருந்தை மாற்றாமல், மருந்தை ஒட்டிக் கேளிக்கையை அமைத்துக்கொண்டால் போதும். அடுத்த முறை வெளிநோயாளர் பிரிவுக்கு வரும்போது, இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டபின், என்ன படம் பார்த்தீர்கள் என்றும் நாங்கள் கேட்போம்.