தெருவைத் திருத்துமுன்

ஒரு தெருவைப் பார்த்தவுடன் நம் கண்ணுக்குப் புலப்படுவது தாரிட்ட கருந்தோல் ஒன்றே. நகரத்துச் சிறு தெருக்களில் அத்தோலின் கனம் பெரும்பாலும் சில சென்ரிமீற்றர்தான். பஸ் வண்டியின் பாரத்தைச் சுமப்பது அந்தத் தோலன்று. அதன் கீழே உருளையால் இறுக்கப்பட்ட உடைகல் உண்டு. அதற்கும் கீழே கிறவல். எல்லாவற்றுக்கும் அடியில் இயற்கை நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜோன் லவுடன் மக்கடம் என்பார் இதனை வற்புறுத்தினார். வண்டிகளைத் தாங்குவது நிலமே, அது நனையாதிருக்கும்வரை தாங்கும், கற்படையின் முதற்கடமை நிலத்தை ஈரத்தினின்று காப்பதாகும் என்பது அவருடைய கொள்கை.

ஆகவே பழுதுற்ற தெருவைத் திருத்தப் புகுவோர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, நோய் தோலில் உள்ளதா, எலும்பில் உள்ளதா என்பதே. இதற்கு விடை காணாமல் தாரை ஊற்றுவது, எலும்பு முறிந்தவனுக்குக் களிம்பு பூசுவதை ஒக்கும்.

நோயின் குறிகளைத் தெருவே எழுதிக் காட்டுகிறது. சில்லுகள் ஓடும் தடத்தில் மட்டும் முதலையின் தோல்போலக் கட்டங்கட்டமாக வெடிப்புகள் தோன்றினால், மேற்படை பன்முறை வளைந்து வளைந்து களைத்துவிட்டது என்பது பொருள்; அடியில் வலுவில்லை. தடத்திலே நீண்ட பள்ளம் விழுந்திருந்தால், ஏதோ ஒரு படை அமிழ்ந்திருக்கிறது. தெரு முழுவதும் சிறுகற்கள் கழன்று சொரசொரப்பாயின், தார் வெயிலிற் காய்ந்து முதுமையடைந்தது என்று கொள்ளலாம். இது தோல்நோய், எளிதில் தீரும். குறுக்கே நேர்கோடாக ஒரு தாழ்வு தெரிந்தாலோ, அங்கே நீர்க்குழாய்க்காக வெட்டிய குழியைச் சரிவர இறுக்காமல் மூடினார்கள் என்று அனேகமாகத் துணிந்து சொல்லலாம். இக்குறிகளின் வகை, கடுமை, பரப்பு ஆகிய மூன்றையும் நடந்து அளந்து, பழுதற்ற தெருவுக்கு 100 என்று வைத்துப் புள்ளி குறைத்துக்கொண்டு வரும் முறையொன்றை ஐக்கிய அமெரிக்க இராணுவத்தின் பொறியியற் படையினர் 1970களில் வகுத்தனர். இன்று பல நாட்டு நகரங்கள் அதனைக் கையாளுகின்றன.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் குறி போதாது. ஒரே வகையான வெடிப்புள்ள இரண்டு தெருக்களுள் ஒன்று உறுதியானதாகவும் மற்றது உள்ளே நொய்ந்ததாகவும் இருக்கலாம். இதனை அறிய 1950களின் முற்பகுதியில் பெங்கல்மன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் ஓர் எளிய கருவியை அமைத்தார். அது ஒரு நீண்ட நெம்புகோல். பின் அச்சில் ஏறக்குறைய 8.2 தொன் பாரம் ஏற்றிய லொறியொன்றை நிறுத்தி, அதன் இரட்டைச் சில்லுகளுக்கிடையே கோலின் முனையை வைப்பார்கள். லொறி மெல்ல நகர்ந்து விலகும். அழுந்தியிருந்த தெரு மேலெழும். அந்த எழுச்சி மில்லிமீற்றரின் சிறு பின்னமே ஆயினும், கோலின் மறுபுறத்திலுள்ள அளவி அதைக் காட்டிவிடும். எழுச்சி மிகுதியாயின் தெரு வலுக்குன்றியது. நிலம் மிகுதியாக நனைந்திருக்கும் மழைக்காலத்தை ஒட்டி இந்த அளவை எடுப்பது நன்று. கோடையில் எடுத்தால் மெலிந்த தெருவும் வலிய தெருவாக வேடமிடும். பின்னர் வந்த கருவியொன்று, எடையொன்றைத் தெருவின்மேல் விழச்செய்து, விழுந்த இடத்திலும் அப்பால் வரிசையாகப் பல இடங்களிலும் ஏற்படும் தாழ்வை ஒரே கணத்தில் அளக்கிறது. தொலைவிலுள்ள புள்ளிகளும் ஆழத் தாழ்ந்தால், குற்றம் அடிநிலத்தினது. ஐயம் தீராவிடின் ஆங்காங்கே குழிதோண்டிப் படைகளை நேரிற் பார்ப்பதைவிட வேறு வழியில்லை.

அடுத்தது, தெரு இனிச் சுமக்கப்போகும் பாரம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலே, ஒட்டாவா நகருக்கு அருகில், சோதனைக்கென்றே வீதிகள் அமைத்து, வெவ்வேறு பாரமேற்றிய லொறிகளை இடையறாது ஓட்டிப் பார்த்தனர். ஒரு சில்லச்சு தெருவுக்குச் செய்யும் தீங்கு, அதன் பாரத்தின் ஏறக்குறைய நான்காம் அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது என்பது அங்கே கண்ட முடிவு. பாரம் இரட்டித்தால் தீங்கு 16 மடங்கு! அரைத் தொன் தாங்கும் கார் அச்சொன்றையும் எட்டுத் தொன் தாங்கும் பஸ் அச்சொன்றையும் இவ்விதிப்படி ஒப்பிட்டால், பின்னது 65,000 மடங்குக்கு மேல் தீங்கு செய்வதாகும். எனவே கார்களை எண்ணுவதில் பயன் சிறிதே. பஸ்களையும் லொறிகளையும் எண்ணவேண்டும்.

இவ்விரண்டும் தெரிந்தபின் மருந்தைத் தெரிவுசெய்யலாம். தோல்நோய்க்கு மெல்லிய தார்ப்பூச்சுப் போதும். வலுக்குறைவு சிறிதாயின் கணக்கிட்ட கனத்தில் புதிய மேற்படை இடலாம். அடித்தளம் கெட்டிருந்தால் அவ்விடத்தைத் தோண்டியெடுத்து மறுபடி கட்டவேண்டும். கட்டாமல் மேலே படையிட்டால், கீழுள்ள வெடிப்பு விரைவிலேயே அப்படியே மேலே எட்டிப்பார்க்கும்.

நகரத்தெருவில் இன்னொரு சிக்கல் உண்டு. நாட்டுப்புற வீதியை விரும்பியபடி உயர்த்தலாம். நகரத்திலோ நடைபாதை விளிம்பும், வடிகாலும், வீட்டு வாசற்படியும் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டன. ஐந்து சென்ரிமீற்றர்ப் படையை மூன்றுமுறை இட்டால், பதினைந்து சென்ரிமீற்றர் உயர விளிம்புக்கல் மறைந்துபோகும். அதன்பின் மழைநீர் வடிகாலை நாடாமல் வீட்டு முற்றத்தை நாடும். கழிவுநீர்க் குழிகளின் மூடிகள் தெருவின் நடுவே பள்ளங்களாகிவிடும். ஆதலின் பழைய மேற்படையைச் சுரண்டியெடுத்துவிட்டுப் புதியதை இடுவதே இங்கு முறை. வடிகாலைத் திருத்துவது அதற்கும் முந்திய வேலை. குழாய் பதிப்போரும் கம்பி புதைப்போரும் தார் இடுவதற்கு முந்திய மாதம் வராமல் பிந்திய மாதம் வந்துசேர்வது எப்படியோ, அதை எந்தக் கருவியும் இன்னும் அளக்கவில்லை.

பணம் குறைவாயிருக்கையில் எந்தத் தெருவை முதலில் எடுப்பது? படுமோசமானதை என்றே நமக்குத் தோன்றும். பொறியியலாளர் பலர் இதற்கு மாறாகச் சொல்வர்: முற்றிலும் கெட்ட தெரு இன்னும் ஓராண்டு கிடந்தாலும் செலவு பெரிதாக ஏறாது, கெடத் தொடங்கிய தெருவை ஓராண்டு விட்டால், பூச்சோடு தீரவேண்டியது தோண்டவேண்டியதாகிவிடும். கணக்கு சரியே. ஆனால் அந்தக் கெட்ட தெருக்கள் பெரும்பாலும் ஏழைகள் வாழும் ஒடுங்கிய சந்துகள். நோயாளியை ஏற்றிய முச்சக்கர வண்டியும் அதே குழிகளில்தான் இறங்கி ஏறவேண்டும். ஆகையால் ஆண்டுப் பணத்தில் ஒரு பங்கை அச்சந்துகளுக்கென முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு, எஞ்சியதற்கு அந்தக் கணக்கைப் பின்பற்றுவதே தக்கதென எனக்குப் படுகிறது.