கணினியின் வாயில்காப்போன்

சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில், என்னிடம் முன்னர்ப் பயின்ற மாணவன் ஒருவன் மடிக்கணினியும் கையுமாக என் இல்லத்திற்கு வந்தான். முகம் வாடியிருந்தது. “ஐயா, மூன்று மாதம் உழைத்து எழுதிய ஆய்வேடு முழுவதும் போய்விட்டது” என்றான். அவனுடைய கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஆய்வேடு லினக்ஸுக்குரிய பகுதியில் இருந்தது. முந்தின நாள் அவன் விண்டோஸை மீண்டும் நிறுவியிருக்கிறான். அதன் பின்னர் லினக்ஸ் கண்ணிலேயே படவில்லை. வட்டு முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதென்று முடிவு செய்திருந்தான். “சற்றுப் பொறு, தம்பி. பொருள் போகவில்லை, அதற்குச் செல்லும் வழிதான் மறைந்திருக்கிறது” என்றேன்.

மாணவச் செல்வங்களே! அவ்வழி யாது, அஃது எவ்வாறு மறைகிறது, எவ்வாறு மீள்கிறது என்பவற்றையே இன்று விளக்க முற்படுகிறேன். தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டில் மாணவர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. ஆதலின் இது நமக்குப் புறம்பான செய்தி அன்று.

கணினியின் பொத்தானை அழுத்துங்கால் அதன் நினைவகம் வெறுமையாக இருக்கிறது. இயங்குதளமோ வட்டில் உறங்குகிறது. அதனை எடுத்து நினைவகத்தில் வைக்க ஒரு நிரல் வேண்டும். அந்நிரலை வைப்பது யார்? தன் காலணியின் வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளும் வேடிக்கையை ஒத்தது இச்சிக்கல். அக்காலணி வாரின் ஆங்கிலப் பெயரிலிருந்தே ‘பூட்’ என்னும் சொல் கணினியுலகில் வழங்கலாயிற்று.

இச்சிக்கலைப் படிப்படியாகத் தீர்த்தனர் அறிஞர். தாய்ப்பலகையிலுள்ள சில்லொன்றில் ஒரு சிறு நிரல் நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கும். மின்சாரம் பாய்ந்தவுடன் அது விழித்து, வட்டிலுள்ள மற்றொரு நிரலை அழைக்கும். அதுவே பூட் லோடர். இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலை நினைவகத்தில் ஏற்றி, ஆட்சியை அதனிடம் ஒப்படைத்துவிட்டு இது விலகிக்கொள்ளும். சில நொடிகளே இதன் பணி. எனினும் இந்த வாயில்காப்போன் இன்றி எவரும் உள்ளே நுழைய இயலாது.

ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினிகளில் வன்வட்டு இடம்பெற்ற 1983ஆம் ஆண்டு தொட்டு, வாயில்காப்போனுக்கு வட்டின் முதல் 512 பைட்டுகளே இருப்பிடமாயின. அவற்றுள் 64 பைட்டுகள் வட்டின் பாகங்களைக் குறிக்கும் பட்டியலுக்கும், இறுதி 2 பைட்டுகள் அடையாளத்திற்கும் உரியவை. எஞ்சிய 446 பைட்டுகளே நிரலுக்கு. இன்று பெருவழக்கிலுள்ள குறியீட்டு முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டுகள் வேண்டும். அங்ஙனமாயின் அவ்விடத்தில் அடங்குவன 148 குறிகளே! ஆதலின் லினக்ஸார் பயன்படுத்தும் கிரப் என்னும் லோடர், தன் முதற் கூற்றை மட்டும் அங்கு வைத்து, எஞ்சியவற்றை வேறிடத்தில் வைத்துக்கொள்கிறது.

இருக்கை ஒன்றே ஆகையால், பின்னர் வருபவர் முன்னவரை எழுப்பிவிடுவர். கிரப் வந்தமர்ந்தால், உள்ள இயங்குதளங்களைப் பட்டியலிட்டு நம் விருப்பத்தைக் கேட்கும். விண்டோஸைத் தேர்ந்தால் அதன் லோடரிடமே பணியை ஒப்படைக்கும். விண்டோஸை நிறுவும் நிரலோ லினக்ஸைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. விண்டோஸை முன்னும் லினக்ஸைப் பின்னும் நிறுவுக என்று கூறுவதன் காரணம் இதுவே.

என் மாணவனுடைய பழைய கணினியில் நேர்ந்ததும் இதுதான். லினக்ஸ் இருந்த பாகம் சிதையவில்லை. வாயில்காப்போன் மட்டுமே மாறியிருந்தான். பென் டிரைவில் வைத்திருந்த லினக்ஸைக் கொண்டு கணினியைத் தொடங்கினோம். ஆய்வேடு அங்கேயே இருந்தது! முதலில் அதற்கு ஒரு படி எடுத்தோம். அதன் பின்னரே கிரப்பை அதன் இடத்தில் மீண்டும் அமர்த்தினோம்.

இக்காலக் கணினிகளில் ஏற்பாடு மாறிவிட்டது. 2005ஆம் ஆண்டில் பல நிறுவனங்கள் கூடி அமைத்த மன்றம் வகுத்துவரும் யூ.ஈ.எஃப்.ஐ. முறையில், லோடர்களுக்கென வட்டில் தனிப்பாகமே உண்டு. ஒவ்வோர் இயங்குதளத்திற்கும் அதில் தனித்தனி அறை. யாரை முதலில் அழைப்பது என்னும் வரிசை தாய்ப்பலகையின் நினைவில் பதிந்திருக்கும். ஆகவே இங்குப் பூசல் பெரும்பாலும் வரிசை பற்றியதே. லினக்ஸ் காணப்படாவிடில், தாய்ப்பலகையின் அமைப்புத் திரையைத் திறந்து வரிசையை மாற்றினாலே பல வேளைகளில் போதும்.

எனினும் எச்சரிக்கை வேண்டும். கையொப்பமிட்ட லோடர்களை மட்டுமே அனுமதிக்கும் செக்யூர் பூட் என்னும் காவல்முறை இன்று பரவலாக உள்ளது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்றினால், இரு தளங்கள் கொண்ட கணினிகள் பலவற்றில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. உரியவர் பிழை எதுவும் செய்யாதிருந்தும் இது நேர்ந்தது. மேலும், பிட்லாக்கர் பூட்டியுள்ள வட்டாயின், தொடக்க அமைப்பு மாறியதும் அது மீட்புத் திறவுகோலைக் கேட்கலாம். அவ்வெண்ணை முன்னரே தாளில் எழுதிவைத்தல் நன்று.

ஆதலின் மாணவர்களே, மூன்றினைக் கடைப்பிடியுங்கள். இயங்குதளத்தில் கைவைக்குமுன் உங்கள் கோப்புகளுக்கு வேறிடத்தில் படி எடுங்கள். கணினியைத் தொடங்கவல்ல பென் டிரைவ் ஒன்றை ஆயத்தமாக வைத்திருங்கள். ஏதேனும் காணப்படாவிடில், அதனைக் கொண்டு உள்ளே நோக்காமல் எதையும் அழிக்காதீர்கள்.

தெரியவில்லை என்பது வேறு. இல்லை என்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய அரைமணி நேரம் பொறுத்ததால், மூன்று மாத உழைப்பை அம்மாணவன் மீட்டுக்கொண்டான்.