செங்குத்துக்குப் பூட்டு இல்லை

மண்ணைப் பிடிக்கும் சக்கரம் – 11

டிஃபரென்ஷியல் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு மன்னார்குடிப் பக்கத்திலிருந்து டிராக்டர் ஓட்டும் தம்பி ஒருவர் கூப்பிட்டார். "ஏண்ணே, நம்ம வண்டியிலயும்தான் குதிகாலுக்குப் பக்கத்துல அந்தப் பெடல் இருக்கு. ஒரு சக்கரம் சேத்துல புதைஞ்சு வெறுமனே சுத்துச்சுன்னா ஒரு மிதி, வண்டி வெளிய வந்துரும். மலை ஏர்ற வண்டிக்கு அது இன்னும் நல்லதுதானே? ஏத்தம் வந்ததும் லாக்கப் போட்டுட்டா முடிஞ்சுது."

முடியவில்லை, தம்பி. டிஃப் லாக் என்கிற இந்தப் பூட்டைப் பற்றிய தவறான நம்பிக்கைகளிலேயே ஆபத்தானது இதுதான். மலைப் பண்ணைகளில் ஏடிவி ஓட்டுகிறவர்களில் பலரும் இதே நம்பிக்கையோடுதான் தங்கள் வண்டியின் பூட்டுப் பொத்தானை அழுத்துகிறார்கள். அதனால் இந்த வாரம் முழுவதையும் அந்த ஒரு பொத்தானுக்கே கொடுக்கிறேன்.

நியூசிலாந்தின் வட தீவில் கிஸ்போர்ன், ஹாக்ஸ் பே பகுதிகளின் குன்றுகளை நினைத்துக்கொள்ளுங்கள். மென்மையான களிப்பாறை, அதன்மேல் ஒரு மெல்லிய மண் போர்வை, அதன்மேல் புல். நல்ல மழை பிடித்தால் போர்வை மொத்தமாக வழுக்கிக் கீழே வந்துவிடும். 2023 பிப்ரவரியில் கேப்ரியேல் புயல் அடித்தபோது அந்தக் குன்றுகள் எண்ணற்ற இடங்களில் சரிந்தன. அங்கே செம்மறிகள் குட்டி போடுவது குளிர்காலம் முடிகிற ஆகஸ்ட், செப்டம்பரில். புல் அப்போது ஈரமாக இருக்கும். விவசாயி தினமும் குன்று குன்றாகப் போய், கவிழ்ந்து கிடக்கும் ஆட்டை நிமிர்த்த வேண்டும், குட்டி சிக்கிக்கொண்ட ஆட்டுக்குப் பேறு பார்க்க வேண்டும். முன்பு குதிரை செய்த அந்த வேலையை இன்று நான்கு பருத்த சக்கரமுள்ள ஏடிவி செய்கிறது. அவர்கள் அதை 'குவாட்' என்பார்கள், அல்லது வெறுமனே 'பைக்'. அந்த நாட்டிலும் ஆஸ்திரேலியாவிலும் பண்ணை வேலையில் ஆட்களைப் பறிகொடுக்கும் முக்கியமான காரணங்களில் ஒன்று அதே பைக் கவிழ்வதுதான்.

டிஃபரென்ஷியல் தன் இரண்டு பக்கத்துச் சக்கரங்களுக்கும் சமமான முறுக்கு விசையைத் தருகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்தச் சமம்தான் சிக்கல். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்ற விசையே தேவையில்லை. அப்போது தரையில் இருக்கும் மற்றச் சக்கரத்துக்கும் அதே ஒன்றுமில்லாத விசைதான் போகும். பூட்டு இரண்டு பக்கத்து அரை அச்சுகளையும் ஒரே கம்பியாக இணைத்துவிடுகிறது. தொங்குகிற சக்கரம் எப்படிச் சுற்றினால் என்ன, தரையில் நிற்பதும் அதோடு சுற்றியே ஆக வேண்டும். டிராக்டரில் நாம் பார்ப்பதும் இதுதான்.

ஆனால் டிராக்டரில் பூட்டு இருப்பது பின் அச்சில். பண்ணை ஏடிவிகள் பலவற்றில் பின் அச்சு ஆரம்பத்திலிருந்தே ஒரே கம்பி. அங்கே டிஃபரென்ஷியலே கிடையாது, பூட்டவும் ஒன்றும் இல்லை. பொத்தான் பூட்டுவது முன் சக்கரங்களை. யமஹாவின் கிரிஸ்லி, கோடியாக் வகைகளில் இரண்டு சக்கர ஓட்டம், நான்கு சக்கர ஓட்டம், நான்கு சக்கரத்தோடு முன் பூட்டு என மூன்று நிலைகள் உண்டு. கேன்-ஆம் போன்ற சில வண்டிகளில் முன்பக்கம் தானாகவே பூட்டிக்கொள்ளும். வகை எதுவானாலும் உதவி வருவது முன்னாலிருந்துதான். ஏற்றத்தில் இந்த விஷயம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்குக்காக நானே வைத்துக்கொண்ட ஒரு வண்டி: எடை 300 கிலோ, ஓட்டுகிறவர் 80 கிலோ, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 128 சென்டிமீட்டர். ஆளையும் வண்டியையும் சேர்த்தால் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால், தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில். சமதளத்தில் மொத்தம் 380 கிலோவில் ஏறத்தாழ 178 கிலோவை முன் சக்கரங்கள் தாங்கும். 25 டிகிரி ஏற்றத்தில் அதே முன் சக்கரங்கள்மேல் விழுவது 74 கிலோ மட்டுமே. 30 டிகிரியில் சுமார் 50. அதுவும் வண்டி அசையாமல் நிற்கும்போது. ஆக்சிலரேட்டரைத் தொட்டால் இன்னும் குறையும். எடை விழாத சக்கரம் மண்ணைப் பிடிக்காது. பிடிக்காத இரண்டு சக்கரங்களை ஒன்றாகப் பூட்டி என்ன கிடைக்கும்?

சரிவு கூடக் கூட முன் பூட்டின் பலன் குறைந்துகொண்டே போகிறது. ஓட்டுகிறவர் அதை மிகவும் நம்புகிற இடத்தில் அதனிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இருப்பதில்லை. பூட்டுக்கு உரிய இடம் செங்குத்து அல்ல, மேடுபள்ளம்தான். மழை அரித்த பள்ளத்தின் குறுக்கே ஒரு முன் சக்கரம் தொங்கும் இடம், ஒரு பக்கம் புல்லும் மறுபக்கம் குழைந்த களியுமாக இருக்கும் தடம், வேர்கள் புடைத்த ஒற்றையடிப் பாதை. மிதமான ஏற்றத்தில் இவை குறுக்கே வந்தால், பூட்டு அலட்டாமல் உங்களைக் கடத்திவிடும். இந்த வேலையில் அதற்கு ஈடு கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பூட்டு இல்லாவிட்டால் அதே பள்ளத்தைக் கடக்கப் பெரும்பாலும் வேகத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கும், வேகமோ பள்ளத்தில் வண்டியைத் தூக்கி எறியும்.

அதே வண்டி எந்தச் சரிவில் பின்புறமாகக் கவிழும் என்று பாருங்கள். அசையாமல் நின்றால் சுமார் 40 டிகிரி. இனி பின் கேரியரில் 50 லிட்டர் களைக்கொல்லித் தொட்டியை ஏற்றுவோம். 50 கிலோ கூடுகிறது, அதுவும் பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில். எல்லை 34 டிகிரிக்கு இறங்கிவிடும். பாதித் தொட்டியாக இருந்தால் உள்ளே தண்ணீர் பின்பக்கம் அலம்பும், அது தனிக் கதை. இப்போது வண்டி நின்றுபோய்விடுமோ என்ற பயத்தில் ஓட்டுகிறவர் ஆக்சிலரேட்டரை அழுத்துகிறார். புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேகமெடுத்தாலும் போதும், எல்லை சுமார் 25 டிகிரிக்கு வந்துவிடும். 40-இல் தொடங்கி 25-இல் நிற்கிறோம். இந்தக் கணக்கில் எந்த வரியிலும் பூட்டு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பூட்டு பிடிப்பைக் கூட்டும், கவிழும் கோணத்தை ஒரு டிகிரிகூட மாற்றாது. ஓட்டுகிறவர் தன் உடம்பை 30 சென்டிமீட்டர் முன்னால் கொண்டுபோனால் மூன்று டிகிரி அளவுக்குத் திரும்பக் கிடைக்கும். உடம்பு கொடுக்கிற அந்த மூன்றை எந்தப் பொத்தானும் கொடுப்பதில்லை.

ஏற்றத்தில் சக்கரம் வழுக்குவதை எல்லோரும் தொல்லையாக நினைக்கிறார்கள். எனக்கு அது ஒரு எச்சரிக்கை மணி. பூட்டு இல்லாத வண்டி 15 டிகிரியிலேயே ஒரு முன் சக்கரத்தைச் சுழலவிட்டு, இதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிடும். அங்கிருந்து நேராகப் பின்னால் இறங்கிவர இன்னும் வாய்ப்பு இருக்கிறது. பூட்டிய வண்டி அந்த மணியை அடிக்காமல் மேலே கொண்டுபோய்விடும். பிறகு அது நிற்கும் இடம் 25 டிகிரி, முன் சக்கரங்கள் பாதி மிதக்கும் இடம். சில கையேடுகள் 25 டிகிரிக்கு மேல் ஏறாதே என்றும் சில 15 டிகிரியிலேயே நிறுத்திக்கொள் என்றும் எழுதுவதன் அர்த்தம் அந்த இடத்தில் நிற்கும்போதுதான் முழுதாகப் புரியும்.

நம் வயல்களில் நடப்பதும் இதற்கு உறவுதான். சேற்றில் புதைந்த டிராக்டரின் பின் சக்கரங்களோடு மரக்கட்டையைச் சேர்த்துக் கட்டி ஏற்றப் பார்ப்பவர்கள் உண்டு. சக்கரம் சுற்ற முடியாமல் மண்ணில் இறுகிவிட்டால், எஞ்சின் அச்சைச் சுழற்றுவதற்குப் பதில் டிராக்டரையே அச்சைச் சுற்றித் தூக்கிவிடும். முன்பக்கம் எழும்பி ஓட்டுகிறவர்மேல் விழ ஒன்றரை விநாடி போதும். தயவுசெய்து அந்தக் கட்டையை இனி யாரும் கட்ட வேண்டாம்.

சரி, பூட்டைப் போட வேண்டிய ஏற்றம்தான் என்று முடிவு செய்துவிட்டோம். எப்போது போடுவது? அடிவாரத்தில். வண்டி நின்றுகொண்டோ ஆள் நடக்கும் வேகத்தில் நகர்ந்துகொண்டோ இருக்க வேண்டும். ஹேண்டில் நேராக, கட்டைவிரல் ஆக்சிலரேட்டரை விட்டு விலகி. உள்ளே ஒரு பல்வளையம் நகர்ந்து எதிர்ப் பல்லில் விழ வேண்டும். பல்லும் பள்ளமும் நேராக வராவிட்டால் விழாது. அதனால்தான் பொத்தானை அழுத்தியதும் டயலில் விளக்கு விட்டுவிட்டு எரியும். ஹேண்டிலை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டி ஓரடி நகர்த்தினால் பல் விழுந்து விளக்கு நிலைக்கும். விளக்கு நிலைக்கும்வரை ஏற்றத்தில் காலடி வைக்காதீர்கள். பூட்டு விழுந்துவிட்டது என்று நம்பிப் பாதி தூரம் போனபின் அது சட்டென்று விழுந்தால் ஹேண்டில் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நேராகும். அதைவிட மோசம், ஒரு சக்கரம் வெறியாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது பூட்டைப் போடுவது. சுழலும் இரும்பும் நிற்கும் இரும்பும் மோதினால் பல் உடையும், அச்சு முறியும். பாதி ஏற்றத்தில் அச்சு முறிந்த வண்டியில் உட்கார்ந்திருப்பதை எண்ணிப் பாருங்கள்.

அடிவாரத்தில் நின்றவுடன் இன்னொன்றும் செய்யலாம்: இறங்கி நடந்து பார்ப்பது. இருநூறு அடி நடக்க ஐந்து நிமிஷம். புல்லுக்குள் மறைந்த குழி, நேற்றைய மழையில் விழுந்த புது விரிசல், மேலே திரும்ப இடம் இருக்கிறதா என்பதெல்லாம் கால்தான் சொல்லும்.

டயர் காற்றையும் பார்த்துவிடுங்கள். ஏடிவி டயர்களுக்கு ஏறத்தாழ 3 முதல் 7 பிஎஸ்ஐ வரைதான் காற்று. லாரி டயரை அளக்கும் கருவியில் இது தெரியவே தெரியாது, குறைந்த அழுத்தத்துக்கென்று தனிக் கருவி வேண்டும். இடது முன் டயரில் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் அந்தச் சக்கரம் கொஞ்சம் சிறியதாகிவிடும். பூட்டு இரண்டையும் ஒரே சுற்றில் கட்டியிருப்பதால் வண்டி ஏற்றம் முழுக்க அந்தப் பக்கமே இழுக்கும்.

ஏறும்போது கீழ் கியர், சீரான ஆக்சிலரேட்டர், உடம்பு முன்னால், பாதை நேராக. பூட்டிய முன் சக்கரங்களுக்குத் திரும்பப் பிடிக்காது. வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், பூட்டு அதை விடுவதில்லை, வண்டி நேராகவே தள்ளிக்கொண்டு போகும். அதனால் சரிவின் குறுக்கே போகும்போது பூட்டு வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மேல் பக்கத்துச் சக்கரம் ஒரு கல்லில் முட்டினால், பூட்டு இல்லாதபோது பெரும்பாலும் வழுக்கி நிற்கும். பூட்டியிருந்தால் கல்மேல் ஏறிவிடும், மறுபக்கம் கீழே சாயும். யமஹா வண்டிகளில் பூட்டு போட்டால் வேகம் 35 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கட்டுப்பாடு வைத்திருப்பதும் இந்தத் திரும்ப மறுக்கும் குணத்தால்தான்.

பாதியில் நின்றுபோனால்? ஆக்சிலரேட்டரை அழுத்தாதீர்கள். பிரேக்கைப் பிடித்து, எடையை மேல்பக்கமே வைத்து, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, மேல்பக்கமாக இறங்குங்கள். பின்னால் உருளத் தொடங்கிவிட்டால் பிரேக்கை உலுக்கிப் பிடிக்கக் கூடாது. நான்கு சக்கர ஓட்டத்தில் முன்னும் பின்னும் ஒரே தண்டில் கட்டப்பட்டிருப்பதால் எந்தப் பிரேக்கைப் பிடித்தாலும் நான்கு சக்கரமும் நிற்கப் பார்க்கும். திடீரென்று நின்றால் மேல்பக்கம் இருக்கும் முன்பகுதி கிளம்பிவிடும். மெதுவாக, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக. வண்டி போகிறதென்றால் போகட்டும், நீங்கள் பக்கவாட்டில் விலகிவிடுங்கள். அங்கேயே திருப்ப வேண்டியிருந்தால் முதலில் பூட்டை எடுக்க வேண்டும், ஆனால் விசையில் இறுகிய பல் உடனே விடாது. இந்த நேரத்தில் மேலே உறுதியான மரம் இருந்து, வண்டியில் வடத்தைச் சுருட்டி இழுக்கும் வின்ச்சும் இருந்தால், அதைவிட நல்ல தோழன் இல்லை.

இவ்வளவும் செய்தும் கவிழ்வது உண்டு. அதை ஒப்புக்கொண்டுதான் ஆஸ்திரேலியா 2019-இல் குவாட் பைக்குகளுக்குப் பாதுகாப்பு விதி கொண்டுவந்தது. 2020 அக்டோபர் 11 முதல், சாய்வு மேடையில் எத்தனை டிகிரியில் பக்கவாட்டில் கவிழத் தொடங்குகிறது என்ற எண்ணை ஒவ்வொரு புது வண்டியிலும் அட்டையாகத் தொங்கவிட வேண்டும். 2021 அக்டோபர் 11 முதல், பண்ணை வேலைக்கு விற்கும் புது வண்டிகளில் ஓட்டுகிறவர் நசுங்காமல் காக்கும் வளைவுக் கம்பி கட்டாயம். ஹோண்டா, யமஹா போன்ற நிறுவனங்கள் இதை ஏற்காமல் அந்தச் சந்தையிலிருந்தே விலகின. கம்பி எல்லா விபத்திலும் உதவாது என்பது அவர்கள் வாதம். எல்லாவற்றிலும் உதவாதுதான். 300 கிலோ வண்டிக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு கை அகல இடம் கிடைத்தால் மூச்சு விடலாம். எனக்கு அந்த இடம் போதுமான காரணம்.

மேலே சேர்ந்தாயிற்று என்று வையுங்கள். பூட்டை அங்கேயே எடுத்துவிட வேண்டும், இறக்கத்துக்கு முன்னால். பொத்தானைத் தட்டிவிட்டு, ஹேண்டிலை நேராக வைத்து நாலு அடி உருட்டுங்கள், முறுக்கு தளர்ந்து பல் வெளியே வரும். டயலில் விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகு ஆட்டைப் போய்ப் பாருங்கள்.

(தொடரும்)