அனல் படாத அலைக்கூந்தல்

மலையடிவாரத்து ஊர்

கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஹனூர், 1956 வரை சென்னை ராஜ்யத்தின் கோயம்புத்தூர் ஜில்லாவில் அடங்கியிருந்து, மொழிவாரியாக மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது மைசூர் ராஜ்யத்தைச் சேர்ந்து, 1997-ல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதனோடு சென்ற ஊர். எல்லைக்கோடு இவ்விதம் மாறிக்கொண்டே வந்தாலும், ஊரைச் சுற்றியுள்ள காடுகள் தலைமுறை தலைமுறையாக ஒரே விதமான பொருள்களையே தந்து வருகின்றன: சீயக்காய், பூந்திக்கொட்டை, நெல்லிக்காய், கொங்கு நாட்டார் உலர்த்திப் பொடித்து அரப்பு என்ற பெயரில் தலைக்குத் தேய்க்கும் உசிலை இலை. கேச சம்ரட்சணைக்கு வேண்டியவை இத்தனை அருகில் விளையும் பூமியில், இயல்பாகவே நெளிந்து வளரும் தங்கள் நீண்ட கூந்தல் மழைக்காலத்தில் சிலும்பி நிற்பதை ஒரு குறையென்று எண்ணி, சூடேற்றிய மின்கோலினால் அதனை நேராக்கவும் சுருட்டவும் இளம்பெண்கள் முற்படுகிறார்கள் என்றால், கூந்தலின் சுபாவத்தை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லாமற் போனதே காரணம் என்று நான் கருதுகிறேன். அந்தச் சுபாவம் தெரிந்துவிட்டால் மின்கோலின் அவசியமே பெரும்பாலும் இராது.

சிலும்பல் எதனால் உண்டாகிறது?

1783-ஆம் ஆண்டில் ஜெனீவா நகரத்து விஞ்ஞானியான சோஸ்யூர் என்பவர், காற்றிலுள்ள ஈரத்தை அளப்பதற்கு ஒரு கருவி செய்ய விரும்பி, உலகத்தில் கிடைக்கும் எத்தனையோ நார்களுக்குள் மனிதனுடைய தலைமுடியைத் தேர்ந்தெடுத்தார். முற்றும் உலர்ந்த முடி முற்றும் ஈரம் ஏறிய நிலையை அடையும்போது நூற்றுக்குச் சுமார் 2.5 பங்கு நீளுகிறது. அந்த நீட்சியை ஒரு முள்ளின் அசைவாக மாற்றிக் காட்டியதே அவருடைய சாதனம். வானிலை ஆராய்ச்சி நிலையங்களில் நெடுங்காலம் வழங்கி வந்த இந்தக் கருவியை நினைவில் வைத்துக்கொண்டால், மழை மேகம் கூடிய நாளில் கூந்தல் ஏன் அடங்க மறுக்கிறது என்பது எளிதில் விளங்கும்.

முடியின் உட்பகுதி கெரட்டின் என்னும் புரதத்தினால் ஆனது. அப்புரத இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்புகளுள் கந்தகப் பிணைப்புகள் உறுதியானவை. தண்ணீருக்கு அவை அசைவதில்லை. ஹைட்ரஜன் பிணைப்புகளோ ஈரம் பட்டவுடன் விடுபட்டு, ஈரம் போகும்போது முடி அப்பொழுது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மீண்டும் கூடிக்கொள்ளுகின்றன. வெளிப்புறத்தில் செதில் அடுக்கு ஒன்று உண்டு. அச்செதில்கள் படிந்திருக்கும் வரை முடி வழவழப்பாக இருக்கும்; அவை தூக்கிக்கொண்டால் ஈரம் கட்டுப்பாடின்றி உள்ளே புகுந்து, ஒரு முடி ஒருபுறமும் மற்றொரு முடி மறுபுறமும் வளைய, சிலும்பல் தோன்றுகிறது. நெளிமுடியின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருப்பதாலும், தலைத்தோலில் ஊறும் இயற்கை எண்ணெய் அதன் வளைவுகளில் வழிந்து நுனிவரை சேர்வது கடினமாதலாலும், அதற்கு இந்த இடர் அதிகம். நீளமும் ஒரு காரணமே. முடி மாதத்திற்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளருகிறதென்றால், இடுப்பைத் தொடும் கூந்தலின் நுனி ஐந்தாறு வருஷத்துக்கு முன் தலையில் முளைத்தது. அத்தனை வெயிலையும் சீப்பையும் தலையணையையும் தாங்கி வந்த நுனியில் செதில்கள் தேய்ந்திருப்பது ஆச்சரியமன்று.

ஆகையால் சிலும்பல் ஒரு வியாதியல்ல.

அனல் செய்யும் கேடு

முடியை நேராக்கும் மின்கோல்கள் 200 டிகிரி செல்சியஸுக்கு மேலும் சூடேறக் கூடியவை. சற்றே ஈரம் உள்ள முடியில் அத்தகைய உஷ்ணம் படும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றி முடித்தண்டுக்குள்ளேயே குமிழிகளை உண்டாக்குகிறது. குமிழ்முடி என்று மருத்துவர்கள் வழங்கும் இந்நிலையில் முடி விறைத்து, தொட்ட இடத்தில் ஒடிந்து விழும். சுருட்டுக்கோல் 125 டிகிரி உஷ்ணத்தில் ஒரு நிமிஷம் பட்டாலே இது நேரக்கூடும் என்று பரிசோதனையில் கண்டிருக்கிறார்கள். ஒருமுறை குமிழ்த்த முடியை எந்தத் தைலமும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. வெட்டி எறிவதொன்றே பரிகாரம்.

உஷ்ணமே ஆகாது என்று பிடிவாதமாக நிற்பவர்களும் கவனிக்கவேண்டிய உண்மை ஒன்று உண்டு. 2011-ல் கொரியா தேசத்து ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், மின் உலர்த்தியை முடிக்கு அருகே கொண்டுசெல்லச் செல்ல மேற்செதில்களின் சேதம் கூடியதென்றாலும், எந்தக் காற்றும் பிடிக்காமல் தானாகவே நெடுநேரம் ஈரத்தோடு விடப்பட்ட முடியின் உள்ளே, செல்களை ஒட்டவைக்கும் படலம் ஊறிக் கெட்டிருந்தது. 15 சென்டிமீட்டர் தூரத்தில் ஓயாமல் அசைத்துக்கொண்டே பிடித்த மிதமான காற்று அதைவிடக் குறைந்த கேட்டையே செய்தது. எனவே அனலை விலக்குகிறோம் என்று சொட்டச் சொட்ட ஈரத்தோடு நாள் முழுவதும் கொண்டை முடிந்து வைப்பதும் நன்மையல்ல.

மின்கோலைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, பல மாதங்களுக்கு முடி நேராக நிற்கும் என்று சொல்லி அழகு நிலையங்களில் செய்யப்படும் இரசாயனப் பிரயோகம். இவற்றுள் பல, சூடு படும்போது ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடுகின்றன. அவ்வாயு மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ல் முடிவு செய்தது. அதற்குப் பதிலாக வந்த கிளையாக்சிலிக் அமிலக் களிம்பினாலோ, ஒரே பெண்ணுக்கு மூன்று முறையும் பிரயோகத்தை அடுத்துச் சிறுநீரகம் பழுதடைந்ததாக 2024-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் அறிவித்திருக்கிறார்கள். கூந்தலின் நேர்த்திக்காகச் சிறுநீரகத்தைப் பணயம் வைப்பது எவ்விதத்திலும் தகாது.

எண்ணெயும் சீயக்காயும்

எண்ணெய் தேய்த்துத் தலை முழுகும் நம்முடைய பழைய வழக்கத்திற்கு 2003-ல் வெளியான ஓர் இந்திய ஆராய்ச்சி நல்ல ஆதாரம் கொடுத்தது. ரேலே, மோஹிலே என்ற இருவர் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், முடியிலிருந்து புரதம் கழிந்துபோவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றே. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறாக இருப்பதால் முடித்தண்டின் உள்ளே செல்ல வல்லது. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக, நீண்ட கூந்தலின் நடுவிலிருந்து நுனிவரை இரண்டு மூன்று ஸ்பூன் தடவிக்கொண்டால் போதும். பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெயைத் தேக்கி வைத்தல் கூடாது. பொடுகைப் பெருக்கும் பூஞ்சைக்கு அந்தக் கொழுப்பே ஆகாரம்.

சீயக்காய் நுரை மிதமானது. அதன் தன்மையும் சற்று அமிலம் சார்ந்தது. அமிலத்தன்மை கூடக் கூடக் குறையும் பி.எச். எண் தலைத்தோலில் 5.5 ஆகவும், முடித்தண்டில் அதற்கும் கீழே 3.67 ஆகவும் இருக்க, காரம் மிகுந்த சோப்புக் கட்டியினால் தலையைக் கழுவும்போது செதில்கள் எழும்பி, முடிகள் ஒன்றோடொன்று உராய்கின்றன. 2014-ல் பிரேசில் தேசத்தில் 123 ஷாம்புகளைச் சோதித்தபோது, பி.எச். 5.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தவை நூற்றுக்கு 38 மட்டுமே. ஆனால் சீயக்காயிலும் ஒரு நுட்பம் உண்டு. திரிதிரியாக அரைத்த தூளை அப்படியே தேய்த்தால் அது முடியை உராய்ந்து சிக்காக்கும். காய்களைப் பூந்திக்கொட்டையோடு கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டிய நீரைப் பயன்படுத்துவதும், தூளாயின் சலித்துச் சோற்றுக் கஞ்சியில் கரைத்துக்கொள்வதும் உத்தமம். கண்ணில் படாமல் காத்துக்கொள்ளவேண்டும். கழுவிய பின், செம்பருத்தி இலையையோ ஊறிய வெந்தயத்தையோ அரைத்து வடித்த வழுவழுப்பான சாற்றை நுனிப் பகுதிகளில் பூசி, அந்த வழுக்கல் இருக்கும்போதே அகலப் பல்லுள்ள மரச்சீப்பினால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்துவிட்டு அலசினால், பிறகு சீப்பே தேவைப்படாது. கடையில் விற்கும் கண்டிஷனரும் இதே வேலையைச் செய்யும். அதை விலக்கவேண்டிய நியாயம் எதுவும் இல்லை.

இந்தச் சீயக்காயையும் பூந்திக்கொட்டையையும் நெல்லிக்காயையும் மலைக்காட்டில் சேகரித்துத் தருகிறவர்கள் பெரும்பாலும் சோளகர் என்னும் பழங்குடியினர். அருகிலுள்ள பிலிகிரிரங்கன் மலையில் 2011-ல்தான், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக வன உரிமை அவர்களுக்கு வழங்கப்பட்டது. நம் குளியலறைக்கு வந்து சேரும் பொருளின் பின்னே அவர்களுடைய உழைப்பும் உரிமையும் இருப்பதை நாம் அறிந்திருப்பது கடமை.

ஈரம் போகும் வேளை

நெளிமுடிக்கு உருவம் கொடுக்கும் நேரம், தலை முழுகியதற்கும் கூந்தல் முழுதும் உலர்வதற்கும் இடைப்பட்ட சில மணி நேரமே. நனைந்த வேட்டியை மடித்துக் காயவைத்தால் மடிப்பு நிலைத்து நிற்பதைப்போல, ஈரக் கூந்தலை எந்த வளைவில் அமைத்து உலரவிடுகிறோமோ அந்த வளைவில் ஹைட்ரஜன் பிணைப்புகள் கூடி நின்றுவிடுகின்றன. இதற்கு அனல் வேண்டுவதில்லை. பொறுமையும் அளவறிந்த ஈரமும் போதும்.

முதலில், சொரசொரப்பான துவாலையினால் பரபரவென்று துவட்டும் வழக்கத்தை விட்டுவிடவேண்டும். பழகி மெலிந்த பருத்தித் துண்டை அல்லது பழைய வேட்டித் துணியைக் கூந்தலின்மேல் சுற்றி, பிழியாமல் அழுத்தி அழுத்தி நீரை ஒற்றியெடுக்கவேண்டும். பிறகு நிழலில் அல்லது மின்விசிறிக் காற்றில் கூந்தலை விரித்துவிட்டு, தலைத்தோல் முழுவதும் உலர்ந்து, கூந்தல் முக்கால் பங்கு காய்ந்து, நடுவிலும் நுனியிலும் குளிர்ச்சி மட்டும் கைக்குத் தட்டும் பதம் வரும்வரை காத்திருத்தல் அவசியம். அதற்கு முன் பின்னினால் உட்புறம் விடியும்வரை உலராது. அதற்குப் பின் பின்னினால் நெளிவு நிற்காது. இந்தப் பதத்தை அறிவதில்தான் அலங்காரத்தின் வெற்றி முழுவதும் அடங்கியிருக்கிறது.

பதம் வந்ததும், உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அல்லது சிறிது கற்றாழைச் சாற்றைத் தடவிக்கொண்டு, கூந்தலை இரண்டாக வகிர்ந்து, காதுமட்டத்துக்குக் கீழிருந்து தொடங்கி, தளர்வாக மூன்றுகால் பின்னல் போட்டு, நுனியை ரப்பர் வளையத்தால் இறுக்காமல் மெல்லிய துணித்துண்டினால் முடிந்து, இரவு முழுதும் அப்படியே விட்டுவிடலாம். ஒற்றைப் பின்னல் அகன்ற அலைகளையும், நான்கு பின்னல்கள் நெருக்கமான நெளிவையும் தரும். சுருள் விரும்புவோர், நீண்ட மென்துணி ஒன்றைத் திரித்து உச்சியின் குறுக்கே வைத்து, இருபுறமும் தொங்கும் துணியின்மேல் கூந்தலைச் சிறுசிறு பகுதிகளாகச் சேர்த்துச் சுற்றிக்கொண்டே கீழே வந்து முடிந்துகொள்ளலாம். அவகாசம் இல்லாதவர்களுக்கு இரண்டு புரிகளை முறுக்கி உச்சியில் தளர்ந்த கொண்டையாக வைத்துக்கொள்வதே எளிது. நுனிவரை ஒரே சீரான அலை அதில் வராது என்றாலும் சிலும்பல் அடங்கும்.

பட்டுக்குப் பெயர்பெற்ற கொள்ளேகாலம் பக்கத்திலேயே இருக்க, கிழிந்துபோன பட்டுச் சேலையைப் பெட்டியின் அடியில் வீணே போட்டு வைப்பானேன்? அதிலிருந்து ஒரு தலையணை உறையும் நாலைந்து கட்டுத்துணிகளும் தைத்துக்கொண்டால், இரவில் புரளும்போது பருத்தி உறையினால் ஏற்படும் உராய்வு பெரிதும் குறைகிறது.

காலையில் பின்னலின் உட்புறத்தை விரலால் அழுத்திப் பார்த்து, ஈரம் சிறிதும் இல்லையென்று உறுதிசெய்த பிறகே அவிழ்க்கவேண்டும். அவிழ்த்தபின் சீப்பு ஆகாது. விரல்களால் பிரித்துவிட்டு அப்படியே நிறுத்திவிடவேண்டும். ஈரக்காற்று வீசும் நாட்களில் மாலைக்குள் நெளிவு தளர்வது இயற்கையே. பிணைப்புகள் நீரினால் விடுபடும் குணத்தை நாம் மாற்ற முடியாது. அன்றைக்குத் தளர்ந்த பின்னல் ஒன்றே போதுமான அலங்காரம்.

ஈரத்தலையும் சாம்பிராணியும்

ஈரத்தலையோடு உறங்கினால் சளி பிடிக்கும் என்று பெரியவர்கள் கண்டிப்பார்கள். சளியை உண்டாக்குவது வைரஸ் கிருமிதான். ஆயினும் இராமுழுதும் ஈரம் தேங்கிய தலைத்தோலில் பூஞ்சையும் அரிப்பும் வளர இடமுண்டாதலால், அந்தக் கண்டிப்பைத் தள்ளிவிடவேண்டியதில்லை. தலை உலர்த்தக் காட்டும் சாம்பிராணிப் புகையைப்பற்றி எனக்கு அவ்வளவு தாராள மனம் இல்லை. மணத்துக்காகத் திறந்த வெளியில் சிறிது காட்டுவதில் தோஷமில்லை. கதவடைத்த அறையில், ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும்போது அதனை மூட்டுவது மூச்சுக்குழலுக்குத் தீங்கு.

இழுத்துக் கட்டினால் வரும் இழப்பு

நெளிவு நன்றாக விழவேண்டுமென்ற ஆவலில் பின்னலை இறுக்குவது பெரும் பிழை. இடைவிடாத இழுவையினால் முடி உதிர்ந்து வழுக்கை விழும் என்பது, தலைமுடியை இறுகக் கட்டி வந்த கிரீன்லாந்துப் பெண்களிடம் 1907-லேயே குறிக்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்குச் செல்லும் சிறுமிகளுக்கு ரிப்பன் வைத்து இரட்டைச் சடையை நெற்றித்தோல் விறைக்கும்படி இழுத்துக் கட்டுகிற தாய்மார்கள் இதனைத் தயவுசெய்து கவனிக்கவேண்டும். வேர்களில் வலி, சிறு கொப்புளங்கள், நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் முடி மெலிதல் ஆகிய மூன்றும் முன்னறிகுறிகள். இந்தக் கட்டத்தில் கட்டைத் தளர்த்திவிட்டால் முடி திரும்ப முளைக்கும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வேர் தழும்பாகி, முளைக்கும் சக்தியையே இழந்துவிடும்.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பு. பிரசவமோ கடுங்காய்ச்சலோ நேர்ந்து இரண்டு மூன்று மாதம் சென்றபின் கொத்துக் கொத்தாக உதிர்வதும் பெரும்பாலும் தானே அடங்கும். ஆனால் வட்டவட்டமாக முடி கொட்டினாலும், இத்தனை நாள் மென்மையாக இருந்த கூந்தல் காரணமின்றி முரடாக மாறினாலும், உதிர்வோடு களைப்பும் உடல் எடையில் மாற்றமும் சேர்ந்து வந்தாலும், அதனைச் சீயக்காயினாலோ பின்னலினாலோ சரிசெய்ய முயலாமல், கொள்ளேகாலத்து அரசு மருத்துவமனைக்கோ சாமராஜநகர் மருத்துவக் கல்லூரிக்கோ சென்று, இரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை செய்துகொண்டு, தோல் மருத்துவரிடம் தலையைக் காட்டிவிடவேண்டும்.