நிலக்கரித் தூளும் வெடிப்பும்: அரைவை ஆலைக்குள் ஒரு பார்வை

ஆசிரிய நண்பர்களே, எரிதல் பாடத்தில் எரிபொருள், உயிர்வளி, வெப்பம் என்று முக்கோணம் வரைந்து காட்டுகிறோம். இன்னும் இரண்டைச் சேர்த்தால் எரிதல் வெடிப்பாகிவிடும். எரிபொருள் தூளாகக் காற்றில் பரவியிருக்க வேண்டும். அது ஓர் அடைப்புக்குள் இருக்க வேண்டும். இந்த ஐந்தும் ஒன்றுகூடக்கூடிய இடம் நிலக்கரி அரைக்கும் ஆலை.

ஈப்போ பக்கம் சிமெண்டு ஆலைகளை நம் மாணவர்கள் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பாங்க. சிமெண்டுச் சூளைக்குள் நிலக்கரியை மாவாக அரைத்துத்தான் ஊதுவார்கள். ஏன் மாவு? கணக்குப் போட்டுப் பாருங்க. 1 செ.மீ. கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 0.1 மி.மீ. கனசதுரங்களாக வெட்டினால் ஒரு மில்லியன் துண்டுகள் கிடைக்கும்; மொத்த மேற்பரப்பு 600 சதுர செ.மீ. எடை அதேதான், காற்று படும் பரப்பு நூறு மடங்கு. சூளைக்கு இது வசதி. அரைவை ஆலைக்கு இதுதான் வில்லங்கம்.

ஈர நிலக்கரியை உலர்த்த ஆலைக்குள் சூடான வாயு வேண்டும். பல சிமெண்டு ஆலைகளில் சூளைப் புகையையே அதற்குத் திருப்பிவிடுகிறார்கள். நல்ல யோசனை, ஏனென்றால் அந்தப் புகையில் உயிர்வளி குறைவு. வெளிக்காற்றில் 21 விழுக்காடு; அரைவை ஆலையில் அதைப் பொதுவாக 12 விழுக்காட்டுக்குள் வைக்கப் பார்ப்பார்கள். அந்த நிலையில் பொறி பறந்தாலும் தூள் வெடிப்பது கடினம்.

அப்படியானால் ஆபத்து எப்போது? ஆலையை நிறுத்தும்போதும், மீண்டும் ஓடவிடும்போதும். நிலக்கரி உள்ளே விழுவது நின்றவுடன், சூட்டை உறிஞ்ச ஈரக்கரி இல்லாமல் வெப்பநிலை சட்டென்று ஏறும். அடர்த்தியாக இருந்த தூள்மேகம் மெலிந்து, வெடிக்கக்கூடிய அளவைக் கடந்துதான் போக வேண்டும். சூளையும் நின்றுவிட்டால் வெளிக்காற்று உள்ளே புகும். மூலையில் தங்கிய தூள் சத்தமில்லாமல் கனன்று கொண்டிருக்கும். மறுபடி விசிறியைப் போட்டதும் கங்கும் தூளும் சேர்ந்தே கிளம்பும். அதனால்தான் இந்த நேரங்களில் நைட்ரஜனோ கரிவளியோ உள்ளே செலுத்துகிறார்கள்.

தூள் தங்க இடமே கொடுக்காத வடிவமைப்புதான் முதல் பாதுகாப்பு என்பேன். சேமிப்புத் தொட்டிகளின் அடிப்பகுதி செங்குத்தான சரிவாக இருக்கும். குழாய்கள் தட்டையாகக் கிடக்காது. கனலும் குவியலை வெப்பமானி காட்டுவதற்கு முன்பே கார்பன் மோனாக்சைடு காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் தூள் சூட்டைத் தனக்குள் மூடி வைத்துக்கொள்ளும். சூளைப் புகையிலேயே அந்த வாயு கொஞ்சம் இருப்பதால், உள்ளே போகும் அளவையும் வெளியே வரும் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு வெடித்தால்? மூடிய கலத்தில் நிலக்கரித் தூள் வெடித்தால் அழுத்தம் 8 பார் வரை போகலாம். பை வடிகட்டியின் தகரப் பெட்டி அதைத் தாங்காது. ஆகவே குறைந்த அழுத்தத்திலேயே திறந்துவிடும் தகடுகளைப் பொருத்துகிறார்கள். 'வெடிப்புக் கதவு இருக்கு, பயமில்லை' என்று சொல்வதைக் கேட்டால் எனக்குப் பயம்தான் வருகிறது. கதவு வெடிப்பைத் தடுப்பதில்லை. தீயை வெளியே விடுகிறது. அது திறக்கும் பக்கம் நடைபாதை இருந்தால் அங்கே நிற்பவர் கதி என்ன?

கட்டடத்தின் உத்தரங்களில் படிந்த தூளையும் மறக்கக் கூடாது. 2021 பிப்ரவரியில் சிங்கப்பூர் துவாஸில் ஒரு பட்டறையில் இயந்திரம் வெடித்தது. தொடர்ந்து உருளைக்கிழங்கு மாவுத் தூள் பற்றி எரிந்தது. 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். அங்கே நிலக்கரி இல்லை, ஆனால் நடந்தது தூளின் வேலைதான். படிந்த தூளைக் காற்றடித்து ஊதித் தள்ளக் கூடாது. அதற்கேற்ற உறிஞ்சியால்தான் எடுக்க வேண்டும்.

வகுப்பில் மாவைத் தூவித் தீ காட்டும் சோதனை மட்டும் வேண்டாம். கனசதுரக் கணக்கைக் கொடுங்க. துண்டு 0.05 மி.மீ. ஆனால் மேற்பரப்பு எவ்வளவு என்று அவங்களே கண்டுபிடிக்கட்டும்.