வசவும் ஒரு வேலைக்காயம்தான்

விடியற்காலையில் காரிமங்கலம் நெடுஞ்சாலையோரம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களின் பையில் டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் இருக்கும். மாலையில் டிபன் பாக்ஸ் காலியாகத் திரும்பும். பாட்டில் பல நாள் முக்கால்வாசி நிறைந்தே திரும்பும். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டும். எழுந்தால் டார்கெட் குறையும், சூப்பர்வைசரிடம் வசவு விழும்.

உடம்பில் இறங்கும் பயம்

தண்ணீரைக் குறைத்து, சிறுநீரை அடக்கிக்கொண்டே இருந்தால் நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வரலாம். நான்கு பேர் முன்னால் திட்டு வாங்கும்போது நெஞ்சு படபடக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, கழுத்துத் தசை இறுகுகிறது. என்றோ ஒருநாள் என்றால் உடம்பு தேறிவிடும். தினமும் என்றால் தலைவலி, நெஞ்செரிச்சல், தூக்கமின்மை, மனச்சோர்வு என்று தொடரலாம். இதற்கெல்லாம் மாத்திரை மட்டும் வாங்கினால் போதாது. வேலையிடத்தில் நடப்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடித்தால்தான் வன்முறையா?

இல்லை. கெட்ட வார்த்தை, சாதிப் பேச்சு, மிரட்டல், வேண்டாத தொடுகை, இரவில் தொல்லை தரும் போன் எல்லாம் வன்முறைதான். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2019ஆம் ஆண்டின் 190ஆவது உடன்படிக்கை, ஒரே ஒரு முறை நடந்தாலும் அது வன்முறையே என்கிறது.

திண்டுக்கல் காட்டிய வழி

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடைத் தொழிலாளியான ஓர் இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். அதன்பின் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பெற்றது. அதன்படி, தைக்கும் பெண்களிலேயே சிலர் பயிற்சி பெற்றுக் கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் அதில் இருந்தது. பக்கத்து மெஷினில் இருப்பவரிடமே சொல்ல முடிந்தால் பாதி பயம் போய்விடும்.

யாரிடம் சொல்வது?

* பாலியல் தொல்லை: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் அந்தக் குழுவிடம் எழுதிக் கொடுங்கள். சிறிய கடை, வீட்டு வேலை என்றால் மாவட்ட அளவிலான குழு உண்டு.
* வசவு, சம்பளப் பிடித்தம்: தொழிற்சங்கம் அல்லது தொழிலாளர் துறை.
* அடி, மிரட்டல்: காவல்துறை. அரசு மருத்துவமனையில் காயத்தைப் பதிவு செய்யுங்கள்.
* பெண்களுக்கான உதவி எண் 181. மனநல ஆலோசனைக்கு 14416.
* கடை ஊழியர்களுக்கு: உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழகம் சட்டத்தைத் திருத்தியது. கேட்பது உங்கள் உரிமை.

நடந்த தேதி, நேரம், பார்த்தவர் பெயரைக் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

மகள் வேலை முடிந்து வந்ததும் சம்பளத்தைப் பற்றி அப்புறம் கேட்கலாம். முதலில் பாட்டிலைத் திறந்து பாருங்கள். தண்ணீர் அப்படியே இருந்தால், அங்கே என்ன நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.