குரங்கணித் தீயும் வானத்துக் கண்களும்

தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் மேற்கே மலை தெரியும். மாசி, பங்குனியில் அந்தச் சரிவுகளில் புல் காய்ந்து சருகாகிவிடும். பகலில் சாம்பல் நிறப் புகையும் இரவில் வளைந்து வளைந்து ஏறும் நெருப்புக் கோடும் கம்பம் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. தேவாரம் தாண்டி வடக்கே போனால் போடி; அதற்கு மேலே குரங்கணி. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கொழுக்குமலைப் பாதையில் மலையேற்றம் வந்தவர்களை அங்கே காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. 23 பேர் உயிரிழந்தார்கள். முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர்கள் மலையடிவாரத்து மக்கள். பிறகுதான் விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன.

செயற்கைக்கோள்கள் நாள் தவறாமல் பூமியைப் படம் பிடிக்கும் காலத்தில் இப்படி ஒரு தீயை முன்கூட்டியே அறிய முடியாதா என்று அப்போது பலரும் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் நாசாவின் மோடிஸ் கருவியையும், 2017 முதல் அதைவிடக் கூர்மையான விர்ஸ் கருவியையும் கொண்டு காட்டுத்தீயைக் கண்காணிக்கிறது. இந்தக் கருவிகள் தீப்பிழம்பைத் தேடுவதில்லை, வெப்பத்தைத் தேடுகின்றன. கொல்லன் உலையில் இரும்பு சூடேறச் சூடேற அதன் நிறம் மாறுகிறதல்லவா? சூடு கூடக்கூட ஒரு பொருள் வெளிவிடும் கதிரின் அலைநீளம் குறையும். வெயிலில் காயும் சாதாரண நிலம் 11 மைக்ரான் அலைநீளத்தையொட்டி அதிகமாகக் கதிர்வீசும். எரியும் புல்லோ 4 மைக்ரானில் பளிச்சென்று தெரியும். இரண்டையும் ஒப்பிட்டால் தீ அகப்பட்டுவிடும். விர்ஸ் படத்தில் ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் சதுரம், ஏறக்குறைய 35 ஏக்கர். அதில் ஒரு சிறு மூலை எரிந்தாலே போதும், முழுப் புள்ளியும் சூடாகத் தெரியும்.

சிக்கல் நேரத்தில்தான். விர்ஸ் கருவியைச் சுமக்கும் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேலே வருவது பகல் ஒன்றரை மணியையும் பின்னிரவு ஒன்றரை மணியையும் ஒட்டித்தான். மூன்று மணிக்குப் பற்றும் தீ நள்ளிரவு தாண்டும்வரை அவற்றின் கண்ணில் படாது. பகலில் சூடான காற்று சரிவில் மேல்நோக்கி வீசும். அதோடு சேர்ந்து காய்ந்த புல்லில் ஏறும் தீயை மனிதனால் ஓடி முந்த முடியாது. பஞ்சாப் வயல்களிலும் இந்த நேரச் சிக்கல் உண்டு. 2024இல் ஒரே பகுதியை ஓயாமல் பார்க்கும் தென்கொரியப் புவிநிலைச் செயற்கைக்கோளின் படங்களைப் பார்த்த ஆய்வாளர்கள், விர்ஸ் கடந்துபோன பிறகு மாலை நெருங்கும்போதுதான் வைக்கோல் எரிப்பு அதிகம் நடப்பதைக் கண்டார்கள். நம்முடைய இன்சாட் 3டிஆர், 3டிஎஸ் செயற்கைக்கோள்கள் அரைமணிக்கு ஒருமுறை பார்க்கின்றன. ஆனால் அவற்றின் வெப்பப் படத்தில் ஒரு புள்ளி 4 கிலோமீட்டர். மலைச்சரிவில் தொடங்கும் சிறு தீ அதில் கரைந்து போகும். அடிக்கடி பார்க்கும் கண்ணுக்குக் கூர்மை போதாது, கூர்மையான கண் அடிக்கடி வருவதில்லை.

தீ தெரியாதபோதும் புகை காட்டிக்கொடுக்கும். புகைத்துகள்கள் மிக நுண்ணியவை. நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் படத்தில் நீலம் கலந்த சாம்பல் படலமாகத் தெரியும். அதன் நீட்சி காற்றின் திசையைச் சொல்லும், தொடங்கும் இடம் தீயைச் சொல்லும். மண்தூசி வேறு ரகம். துகள் பெரிது, நிறம் பழுப்பு. கடலின் மேல் எளிதில் தெரியும் தூசி, பாலைநிலத்தின் மேல் வந்தால் மண்ணோடு மண்ணாக மறைந்துவிடும். அப்போது 11, 12 மைக்ரான் கதிர்களுக்கு இடையே உள்ள சின்ன வேறுபாட்டை வைத்துப் பிரித்தெடுக்கிறார்கள். ஐரோப்பாவின் சென்டினல் 5பி புற ஊதாக் கதிரைக் கொண்டு மேகத்துக்கு மேலே மிதக்கும் புகையையும் தூசியையும்கூடக் காண்கிறது.

தூசி எவ்வளவு தூரம் போகும்? 2022 ஜனவரியில் பாகிஸ்தான் பக்கம் கிளம்பிய புழுதி அரபிக்கடலைத் தாண்டி மும்பையை மூடியது. சகாராவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து அமேசான் காட்டில் ஆண்டுக்குச் சுமார் 2.77 கோடி டன் தூசி விழுவதாக, 2007 முதல் 2013 வரையிலான கலிப்சோ செயற்கைக்கோளின் லேசர் அளவீடுகளைக் கொண்டு நாசா கணக்கிட்டது. தென்மேற்குப் பருவமழையை நம்பி வாழும் நம் நாட்டுக்கு இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. மேற்காசியாவிலிருந்து அரபிக்கடல் மேல் பரவும் தூசி வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கி, சில நாட்களிலேயே மத்திய இந்தியாவின் மழையைக் கூட்டக்கூடும் என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. புவனேஸ்வர் ஐஐடியின் வினோஜ் அதன் முதன்மை ஆசிரியர்.

நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் இந்தப் படங்களை யாரும் காசில்லாமல் பார்க்கலாம். மேகமில்லாத நாளில் பெரியாறு ஏரி கரிய கிளைகளாகவும், வைகை அணை சிறு திட்டாகவும், இடையே கம்பம் பள்ளத்தாக்கின் பசுமை ஒரு பட்டையாகவும் விரியும். அதன் மேற்கு ஓரத்தில் பண்ணைப்புரம் சில புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே சரிவில் சிவப்புப் புள்ளி விழுந்திருந்தால் அங்கே கடும் சூடு இருக்கிறது என்று பொருள். வெயிலில் கொதிக்கும் பாறையும் சில சமயம் ஏமாற்றும். ஆள் போய்ப் பார்த்தால்தான் உறுதி.

தீயைக் கண்டதும் வன ஆய்வு நிறுவனம் அனுப்பும் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வனத்துறைக்கு மட்டுமானதல்ல. பொதுமக்களும் தங்கள் பகுதியைக் குறிப்பிட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுபவர், எஸ்டேட் மேற்பார்வையாளர், மலையடிவார ஊராட்சித் தலைவர் ஆகியோரின் கைபேசிக்குத்தான் அது முதலில் போய்ச் சேர வேண்டும். எந்த ஓடையில் இறங்கினால் தப்பலாம், எந்தச் சரிவில் ஏறக் கூடாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.